ஆட்களை நட்டுப் பிடித்த பனிநிலம்

விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி என் கடவுச்சீட்டைப் புரட்டிக்கொண்டே, என்ன அலுவலாக வந்தீர்கள் என்று கேட்டார்.

“புத்தக வெளியீடு.”

“என்ன புத்தகம்?”

“எங்கள் ஊரின் வரலாறு. நான் எழுதியது.”

“ஊர் எங்கே இருக்கிறது?”

“அரைவாசி இராணுவ வேலிக்கு இந்தப் பக்கம். மிச்சம் அந்தப் பக்கம்.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தவர், எனக்குப் பின்னால் நீண்டிருந்த வரிசையைக் கண்டு முத்திரையைக் குத்தினார். “வெளியே சரியான குளிர். தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். கனடா அரசாங்கம் எனக்குத் தந்த முதலாவது அறிவுரை அது. நல்ல அறிவுரை.

அன்று பெப்ரவரியின் முதற் செவ்வாய்க்கிழமை. என்னை ஏற்றிப்போக சிவா அண்ணை வந்திருந்தார். அவரும் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் எங்கள் ஊர்க்காரர்தான். 1987 இல் அகதியாக வந்தவர். ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில் பதினேழாம் மாடியில் அந்த நாளில் வாடகைக்கு எடுத்த வீட்டிலேயே இன்றைக்கும் இருக்கிறார். மனைவி இறந்தபின் தனிய. பிள்ளைகள் நகருக்கு வெளியே விட்பியில் பெரிய வீடு வாங்கி, வாங்கோ அப்பா என்று கூப்பிட்டபடி இருக்கிறார்கள். “அங்க ஒரு பால் பெட்டி வாங்கவும் கார் வேணும். நான் என்ன, டிரைவரோ?” என்பது அவர் பதில். எங்கள் ஊர்ச் சங்கத்தின் ரொறன்ரோக் கிளைக்குத் தலைவர் அவர்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி. 1957 இல் பிறந்தேன். 1990 ஜூனில் எங்கள் ஊர் முழுதாக எழும்பி ஓடியது. அதன்பின் அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. 2017 இல் ஒரு பகுதியை விட்டார்கள். என் வீடு இருந்த ஒழுங்கை இன்னும் வேலிக்குள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, எந்தக் கிணறு எப்போது வெட்டியது, எந்த வள்ளம் எந்த ஆண்டில் கடலில் இறங்கியது என்று ஆட்களைத் தேடித் தேடிக் கேட்டு எழுதினேன். ஊர் நினைப்பில் உருகி எழுதிய புத்தகம் இல்லை. அங்கே ஒருவரும் இருக்கவில்லை என்று யாராவது ஒருநாள் சொல்லக்கூடும் என்பதற்காக எழுதியது.

கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் சிவா அண்ணை விசயத்துக்கு வந்தார்.

“ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டுக்கு எங்கட தொகுதி எம்.பி. வாறார். முதற் பிரதி அவருக்குத்தான். மிச்சக் காணியைப் பற்றி இஞ்சத்தைப் பாராளுமன்றத்தில கதைக்கிறன் எண்டு வாக்குத் தந்திருக்கிறார். மூண்டு வருசமா அவற்ற கந்தோருக்கு அலைஞ்சு எடுத்த வாக்கு. விளங்குதோ?”

“விளங்குது அண்ணை.”

“உனக்கு விளங்கும், ராசன். ஆனால் மைக்கைக் கண்டால் மறந்துபோகும். அதுதான் இப்பவே சொல்லுறன்.”

புதன்கிழமை காலை, இடியப்பமும் சொதியும். இடியப்பம் கடையில் வாங்கியது, சொதி அவர் வைத்தது. சாப்பிடும்போது எதிர்ச் சுவரில் இருந்த கனடா வரைபடத்தைப் பார்த்தேன். குடியுரிமைச் சோதனைக்குப் படித்த காலத்தில் ஒட்டியதாம். சுவரில் இடம் போதாமல் மேற்பகுதியைப் பின்புறமாக மடித்து ஒட்டியிருந்தார். நாட்டின் மூன்றில் ஒரு பங்கு காணவில்லை.

“மேல என்ன அண்ணை இருக்கு?”

“ஐஸ். சோதினையில உதொண்டும் கேக்கமாட்டாங்கள்.”

ஆனால் தொலைக்காட்சியில் காலையிலிருந்து அதுதான் செய்தி. ரோமத் தொப்பி போட்ட அமைச்சர் ஒருவர் பனியில் நின்று பேசிக்கொண்டிருந்தார். வடக்கில் புதிய விமான ஓடுபாதைகள், கப்பல்கள், ராடர்கள். ரஷ்யா பார்க்கிறது, சீனா பார்க்கிறது, பக்கத்து வீட்டு அமெரிக்காவும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறது. ஆர்க்டிக் நம்முடையது, அதை உலகுக்குக் காட்டுவோம் என்றார். சிவா அண்ணை தலையாட்டினார். “சரிதானே. விட்டால் மற்றவன் பிடிச்சிடுவான்.”

நகரத்தைப் பார்க்கத் தனியே கிளம்பினேன். தண்டவாளத்தில் ஓடும் டிராம் ஒன்றில் ஏறி ஜன்னலோரம் இருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு மாணவர்கள், அதே செய்தியைப் பற்றித்தான் பேசினார்கள்.

“வடக்கை நாம் காக்காவிட்டால் போய்விடும்” என்றான் ஒருவன்.

“நீ எப்போதாவது அங்கே போயிருக்கிறாயா?”

“விசரா? நான் விட்பிக்கே போகமாட்டேன்.”

பாதி வழியில் டிராம் நின்றது. சாரதி ஏதோ அறிவித்தார். எல்லோரும் ஒரு முணுமுணுப்புமில்லாமல் இறங்கினார்கள். வண்டி இத்தோடு திரும்புகிறதாம். காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் பக்கத்தில் பேருந்தை இப்படி இடைவழியில் திருப்பினால் நடத்துநர் முழுச் சட்டையோடு வீடு போகமாட்டார். குளிரில் அடுத்த வண்டிக்கு நின்றபோது, இந்த மக்களின் பொறுமை நல்ல குணமா, கெட்ட பழக்கமா என்று யோசித்தேன். மூக்கு விறைத்ததால் முடிவுக்கு வர முடியவில்லை.

வியாழக்கிழமை சிவா அண்ணையும் நானும் கடைக்குப் போய் மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பினோம். லிப்ற்றில் எங்களோடு ஒரு பெண் ஏறினாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வட்ட முகம், கைபேசியில் யாரோடோ உரக்கச் சிரித்துப் பேசியபடி. “பிலிப்பினோக்காரி. பதினோராம் மாடி. நல்ல சனம்” என்று சிவா அண்ணை என் காதில் சொன்னார். ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே லிப்ற் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கைபேசித் தொடர்பும் அறுந்தது.

“நாசமாப் போச்சு. உந்த லிப்ற்றுக்கும் எனக்கும் ஒரே வயசு” என்றபடி சிவா அண்ணை மணிப் பொத்தானை அழுத்தினார். ஒரு குரல் வந்து, ஆள் வருகிறது, பதற்றப்படாதீர்கள் என்றது. பதற்றப்படாமல் ரோல்ஸைப் பிரித்தோம். அந்தப் பெண்ணுக்கும் ஒன்று கொடுத்தோம்.

அவள் பேசிய மொழி தொண்டையின் அடியிலிருந்து வந்தது. நான் பிலிப்பினோக்காரருடன் கொழும்பில் பழகியிருக்கிறேன்; அந்த ஒலி இல்லை. ஆங்கிலத்தில் கேட்டேன். “இனுக்டிடுட் மொழி” என்றாள். “நான் ஆர்க்டிக்கின் பூர்வகுடி, இனுயிட் பெண். வடக்கின் கடைசி ஊரில் பிறந்தவள். பெயர் லீயா.”

சிவா அண்ணையின் வாயில் ரோல் அப்படியே நின்றது. “ஐயோ ராசன்! நான் வருசா வருசம் நத்தார்ப் பண்டிகைக்கு இவவுக்கு பிலிப்பினோப் பாசையில வாழ்த்துச் சொல்லிக்கொண்டு வாறன். பாடமாக்கி வைச்சுச் சொல்லுறனடா!”

இதை நான் மொழிபெயர்த்ததும் லீயா சுவரில் சாய்ந்து சிரித்தாள். “அதுவா! அது தமிழ் என்று நினைத்து, நானும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.”

சிரிப்பு அடங்கியபின், குடும்பம் தலைமுறைகளாக அந்த ஊர்தானா என்று கேட்டேன். “இல்லை” என்றாள். “அம்மா சின்னப்பிள்ளையாக இருந்தபோது அரசாங்கம் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே இறக்கியது. 1953.”

“எந்த மாதம்?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எல்லோரும் முதலில் குளிரா என்றுதான் கேட்பார்கள். மாதம் கேட்ட முதல் ஆள் நீ. கோடையில் ஏற்றினார்கள். கோடை முடியும்போது இறக்கினார்கள்.”

தொழிலாளி வந்து கதவை நெம்பித் திறந்து எங்களை ஒவ்வொருவராக எட்டாம் மாடியில் தூக்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை லீயா கதவைத் தட்டினாள். கையில் உறைந்த மீன் ஒன்று. ஒன்றுவிட்ட சகோதரி வடக்கிலிருந்து அனுப்பிய ஆர்க்டிக் சார் மீன், ரோல்ஸுக்குப் பதிலாக என்றாள். சிவா அண்ணை கடற்கரை ஊர்க்காரர். மீனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “செவுள் சிவப்பாத்தான் கிடக்கு. சாமான் நல்லது” என்று சான்றிதழ் வழங்கி, பாதியைப் பழப்புளி விட்டுக் குழம்பாக்கினார். மீதியை லீயா உறைந்தபடியே மெல்லிய துண்டுகளாகச் சீவித் தட்டில் வைத்தாள்.

நான் பச்சை மீனைத் தின்றேன். வாயில் வெண்ணெய்போலக் கரைந்தது. லீயா குழம்பைத் தொட்டுப் பார்த்து, கண்ணில் நீர் வர, “ஒரு நல்ல மீனை இரண்டாம் தரம் கொன்றிருக்கிறீர்கள்” என்றாள். சிவா அண்ணை பச்சை மீனைக் கையால்கூடத் தொடவில்லை. ஆனால் மீன் முடிந்துவிட்டது.

சாப்பிட்டபடியே லீயா சொன்னாள். அவள் அம்மாவின் சொந்த இடம் கியூபெக்கின் வடகரை. அங்கே கோடையில் பழம் பறிக்கலாம், பறவை முட்டை எடுக்கலாம். நடுக்குளிரிலும் சிறிது நேரமாவது சூரியன் வரும். இரண்டாயிரம் கிலோமீற்றர் அளவு வடக்கே கொண்டுபோனார்கள். வேட்டைக்கு வளமான இடம், பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திருப்பி அனுப்புவோம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் இருப்போம் என்று குடும்பங்கள் நம்பியிருக்க, கப்பலிலேயே ஆட்களைப் பிரித்தார்கள். இறங்கிய இடத்தில் கல்லும் பனியும். மாதக்கணக்கில் சூரியன் இல்லை. 1955 இல் இன்னும் சில குடும்பங்கள். இரண்டு வருடம் வந்து போனது. திரும்பும் கப்பல் வரவில்லை.

“ஏன் செய்தார்கள்?” என்று சிவா அண்ணை கேட்டார்.

“தீவுகள் வெறுமையாக இருந்தன. வெறுமையாக இருந்தால் யாருடையது என்று கேள்வி வரும். இறைமைக்காகச் செய்யவில்லை, உங்கள் நன்மைக்காகத்தான் என்று நெடுநாள் சொன்னார்கள். மனிதக் கொடிக்கம்பங்கள் என்று பத்திரிகைக்காரர்கள் எங்களுக்குப் பெயர் வைத்தார்கள். அம்மாவுக்கு அந்தப் பெயரே பிடிக்காது. கொடிக்கம்பத்துக்குப் பசிக்காது, கொடிக்கம்பம் திமிங்கிலம் வரும் வழியைக் கண்டுபிடிக்காது என்பாள். அவர்கள் அந்தக் கடலைப் படித்தார்கள், பிழைத்தார்கள். இப்போது என் சகோதரியைப் போ என்று சொன்னாலும் போகமாட்டாள். நாங்கள் இருப்பதால்தான் அது கனடாவாம். நல்லது. அப்படியானால் வீட்டுக்காரர் நாங்கள், வாடகைக்கு இருப்பது அரசாங்கம். வாடகை எங்கே?”

வாடகை என்ற சொல் அந்தக் கட்டடத்தில் உடனே விளங்கும் சொல். சிவா அண்ணை கோப்பையைக் கழுவப் போனவர், குழாயை மூடிவிட்டு நின்றார்.

“எங்களை எடுத்துப்போட்டுக் காணியைப் பிடிச்சாங்கள். உவையைக் கொண்டுபோய் வைச்சுப் பிடிச்சிருக்கிறாங்கள்” என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை நூலகத்தில் இருந்தேன். இந்த விசயங்களில் ஒருவர் வாய்ச்சொல்லோடு நான் நிற்பதில்லை. 1880 இல் பிரித்தானியா இந்தத் தீவுகளைக் கனடாவுக்கு எழுதிக் கொடுத்தது. அங்கே வாழ்ந்தவர்களை ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் கடலில் 1974 இல் கச்சதீவைப் பற்றி டில்லியும் கொழும்பும் பேசி முடித்தபோது இரு கரையிலும் வலை இழுத்தவர்களை யார் கேட்டது? கனடாவுக்கும் டென்மார்க்குக்கும் நடுவே ஒரு வெறும் பாறைத்தீவு. அதற்காக இரு நாட்டுப் படையினரும் பல வருடங்கள் மாறி மாறிக் கொடி நட்டு, மற்றவருக்கு ஒரு போத்தல் மதுவும் வைத்துவிட்டு வந்தார்கள். 2022 இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆளில்லாப் பாறைக்கு அவ்வளவு மரியாதை. ஆளுள்ள ஊருக்கு மன்னிப்பு வந்தது 2010 இல்.

திரும்பி வரும்போது கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் எம்.பி.யின் துண்டுப்பிரசுரம் ஒரு கட்டாகக் கிடந்தது. பனியில் கொடியோடு நிற்கும் படம். கீழே, நம் மக்கள் அங்கே வாழ்கிறார்கள், ஆகவே அது நம்முடையது என்ற கருத்தில் ஒரு வரி. எப்படி வாழ வந்தார்கள் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதைச் சிவா அண்ணையின் முன்னால் வைத்தேன். “நாளைக்கு இதைப் பற்றி அவரிட்டக் கேக்கப்போறன்.”

“நீ என்ன, கனடாச் சனமோ? உன்ர அலுவல் எங்கட காணி.”

“ரெண்டும் ஒரே அலுவல் அண்ணை.”

“ஒரே அலுவலாயிருந்தாலும் ஒரே நாளில கதைக்கத் தேவையில்லை. அந்தாள் வாக்கை வாபஸ் வாங்கினால்? ஊர்ச் சனத்துக்கு ஆர் பதில் சொல்லுறது?”

நான் கீழே இறங்கிப் போய் லீயாவை வெளியீட்டுக்கு அழைத்தேன். ஆட்டம் பாட்டம் ஏதாவது செய்யவேண்டுமா என்று கேட்டாள். இங்கே தன்னைக் கூப்பிடுகிறவர்கள் அதற்குத்தான் கூப்பிடுவார்களாம். “வேண்டாம், வந்து இருந்தால் போதும்” என்றேன். “அப்படியானால் வருகிறேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் மண்டபம். ஒவ்வொருவரும் ஒரு காரில் வந்து, வாகனத் தரிப்பிடத்தை மண்டபத்தைவிடப் பெரிய கூட்டமாக்கியிருந்தார்கள். மங்கள விளக்கு ஏற்றினார்கள். பிறகு அகவணக்கம், எல்லோரும் எழுந்து தலைகுனிந்தோம்.

“யாருக்காக?” என்று லீயா கிசுகிசுத்தாள்.

“போரில் இறந்தவர்களுக்கு.”

“எத்தனை பேர்?”

“எண்ணி முடிக்க விடவில்லை.”

அடுத்து, இந்த மண்ணின் முதற்குடிகளை நினைவுகூரும் வாசகத்தை ஒரு சிறுமி வாய்ப்பாடு சொல்லும் வேகத்தில் ஆங்கிலத்தில் வாசித்தாள். பக்கத்தில் இருந்த அன்ரி ஒருவர் லீயாவைப் பார்த்துக் கைகூப்பினார். “இது வேறு மக்களின் நிலம். இங்கே நானும் உங்களைப் போல வந்தேறிதான்” என்று லீயா எனக்கு விளக்கம் தந்தாள்.

புத்தக வெளியீடு எப்படி நடக்கும் என்பது தமிழருக்குத் தெரியும். வாழ்த்துரை, ஆய்வுரை, வெளியீட்டுரை. பிறகு பெரியவர் ஒருவர் முதற் பிரதியை வாங்கிப் படம் எடுத்துக்கொள்வார். எல்லாம் முடிந்து பாதிச் சனம் பற்றீஸும் தேநீரும் தேடிப் போனபின் நூலாசிரியரின் ஏற்புரை. படம் எடுத்த கையோடு பிரமுகர் காரில் ஏறிவிடுவார். ஊரில் நான் பார்த்த எந்த வெளியீட்டிலும் முதற் பிரதி வாங்கியவர் ஏற்புரை கேட்டதில்லை.

எம்.பி. பிந்தித்தான் வந்தார். உயரமான, கலகலப்பான மனிதர். வணக்கம் என்ற சொல்லை நன்றாகச் சொன்னார். பொன்னாடை போர்த்தினார்கள். “குளிருக்கா?” என்று லீயா கேட்டாள். தமிழரின் உழைப்பையும் கொத்துரொட்டியையும் அவர் புகழ்ந்தார். பிறகு, நிலத்தின் அருமை உங்களுக்குத் தெரியும், அதனால்தான் எங்கள் அரசாங்கம் வடக்கை எவருக்கும் விடாது என்றார். “நம் மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அதைவிட வலுவான உரிமைப் பத்திரம் உலகில் இல்லை.” கைதட்டினார்கள். நானும் பழக்கத்தில் ஒரு தரம் தட்டிவிட்டு நிறுத்தினேன்.

சிவா அண்ணை ஒலிவாங்கியில், முதற் பிரதியை நூலாசிரியர் வழங்குவார் என்று அறிவித்தார். வண்ணத்தாள் சுற்றிய புத்தகத்தை என் கையில் தந்தார்கள். எம்.பி. இரண்டு கைகளையும் நீட்டினார். படம் பிடிப்பவர் குந்தினார். நான் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒலிவாங்கியை எடுத்தேன்.

“ராசன்” என்றார் சிவா அண்ணை, பல்லைக் கடித்தபடி.

என் ஆங்கிலம் கூட்டுறவுச் சங்க ஆங்கிலம். ஆனால் பிழையில்லாதது. “ஐயா, தருவதற்கு முன் ஏற்புரையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனபின் சொன்னால் கேட்கமாட்டீர்கள்” என்றேன். பின்வரிசை சிரித்தது. அவரும் சிரித்தார்; வேறு வழியும் இருக்கவில்லை.

“வடக்கில் உங்கள் மக்கள் வாழ்வதுதான் உரிமைப் பத்திரம் என்கிறீர்கள். அவர்களில் சில குடும்பங்களை 1953 இலும் 1955 இலும் கப்பலில் கொண்டுபோய் வைத்தது உங்கள் அரசாங்கம். இரண்டு வருடத்தில் திருப்பி அனுப்புவோம் என்ற வாக்கை அது காப்பாற்றவில்லை. மன்னிப்புக் கேட்டது 2010 இல். ஐம்பத்தேழு வருடம். எங்கள் ஊர் பறிபோனது 1990 இல். அதே கணக்குப் போட்டால் எங்களுக்கு மன்னிப்பு 2047 இல் வரும். எனக்குத் தொண்ணூறு வயது. அந்த மன்னிப்பை வாங்க நான் வரமாட்டேன். எனக்குக் காணி வேண்டும், இப்போது வேண்டும். அதற்காக நீங்கள் பாராளுமன்றத்தில் பேசப்போவதாக அறிந்தேன். பேசுங்கள். ஆனால் நிலம் அதில் வாழ்கிறவர்களுடையது, கொடியினுடையது இல்லை என்று பேசுங்கள். அதை உங்கள் வடக்கிலும் சொல்லுங்கள். ஒரு வடக்குக்கு ஒரு நியாயம், மற்ற வடக்குக்கு வேறு நியாயம் என்றால் எங்களுக்கு வேண்டாம்.”

எம்.பி. என்னிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கினார். அது நம் வரலாற்றின் வேதனையான பக்கம், அதற்கு நாடு மன்னிப்புக் கேட்டுவிட்டது, இப்போது முன்னோக்கிப் பார்க்கிறோம் என்றார்.

மூன்றாம் வரிசையில் லீயா எழுந்து நின்றாள். அவளிடம் நான் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை.

“என் அம்மா அந்தக் கப்பலில் போனவள். மன்னிப்பு வந்தபோது அவள் இல்லை. சரி, முன்னோக்கியே பார்ப்போம். எங்கள் ஊருக்குள் ராடர் வருகிறது, ஓடுபாதை வருகிறது. என் சகோதரியின் மகன் கலியாணம் செய்து, வீடு கிடைக்காமல், மாமியின் வரவேற்பறையில் படுக்கிறான். வடக்கில் பாதிப் பேரின் கதை அதுதான். நாங்கள் அங்கே வாழ்வதுதான் உங்கள் பத்திரம் என்றால், வாழ வீடு எப்போது?”

“மிக முக்கியமான கேள்வி. என் அலுவலகம் உங்களோடு தொடர்புகொள்ளும்...”

“திகதியைக் கேள் பிள்ளை!” என்று பின்னாலிருந்து ஒரு அங்கிள் கத்தினார். “எங்களுக்கும் உப்பிடித்தான் சொன்னவங்கள்!”

இம்முறை கைதட்டல் நீண்டது. எம்.பி. திகதி சொல்லவில்லை. நான் புத்தகத்தைக் கொடுத்தேன். அவர் அழகாகச் சிரித்துப் படமெடுத்து, எல்லோருக்கும் கையசைத்துப் போனார். “பல் நல்ல பல்” என்றாள் லீயா.

திரும்பும் வழியில் காரில் சிவா அண்ணை என்னைப் பார்க்கவே இல்லை.

“நீ பிளேன் ஏறிப் போயிடுவாய். நாங்கள் இஞ்ச இருக்கவேணும். நாளைக்கு அவற்ற கந்தோர்க் கதவு திறக்காது. மூண்டு வருசத்தை மூண்டு நிமிசத்தில முடிச்சுப்போட்டாய்.”

“பொய் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை.”

“பொய் சொன்னதெண்டு ஆர் சொன்னது? நேரம் பாத்துச் சொல்லோணும்.”

“நேரம் எப்ப வரும்?”

அவர் வானொலியைப் போட்டார். பின் இருக்கையில் லீயா கையோடு கொண்டுவந்த பற்றீஸை மென்றுகொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் சண்டை எதைப் பற்றியது என்று விளங்கியிருக்கும்.

திங்கட்கிழமை காலை தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எம்.பி.யின் உதவியாளர். சிவா அண்ணை எனக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினார். இனிமையான பெண்குரல். நிகழ்ச்சி மிகச் சிறப்பாக இருந்ததாம், உணவு அற்புதமாம். எம்.பி. வாக்களித்தபடி காணி விடயத்தைப் பேசத் தயாராக இருக்கிறார். ஒரு சிறு காரியம் மட்டும். நேற்று நூலாசிரியரும் அந்தப் பெண்மணியும் சொன்னவை சங்கத்தின் கருத்தல்ல என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினால் நல்லது. வழக்கமான நடைமுறைதான்.

ஊரில் வேலிக்குள் இருக்கும் ஒழுங்கைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எழுதிக் கொடுங்கள் அண்ணை, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் அது அவர் எடுத்த வாக்கு, முடிவும் அவருடையது.

சிவா அண்ணை ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லி, தொலைபேசியைக் கையால் பொத்தினார்.

“டேய். நீ நேற்றுச் சொன்ன ஆண்டுகள் எல்லாம் சரிதானே?”

“சரி அண்ணை.”

“ஒண்டும் பிழையில்லையே? அம்பத்து மூண்டு, அம்பத்தஞ்சு, ரெண்டாயிரத்துப் பத்து?”

“ஒண்டும் பிழையில்லை. நூலகத்தில திருப்பிப் பாத்தனான்.”

“எங்கட ஊர்ச் சனம் இருந்த அகதி முகாமில என்ர தம்பியிட்டயும் உப்பிடித்தான் கேட்டவங்கள். வேற இடத்தில காணி தாறம், பழைய காணியைக் கேக்கமாட்டன் எண்டு ரெண்டு வரி எழுதித் தா எண்டு. அவன் எழுதிக் குடுக்கேல்லை. முகாமிலயே செத்துப்போனான்.” கையை எடுத்தார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “தங்கச்சி, நூலாசிரியர் சொன்னது சங்கத்தின் கருத்து. அந்தப் பெண்மணி கேட்டதும் சங்கத்தின் கேள்வி. வேண்டுமானால் இதை இரண்டு வரியில் எழுதி அனுப்புகிறேன்.”

அப்படியானால் இந்தக் கூட்டத்தொடரில் நேரம் கிடைப்பது கடினமாக இருக்கலாம் என்றது அதே இனிமையான குரல். “விளங்குகிறது” என்று தொலைபேசியை வைத்தார்.

கதிரையில் இருந்த அவர் உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாக்கு போய்விட்டது. அதைத் திரும்ப எடுக்க எனக்கு வழி தெரியவில்லை; மன்னிப்புக் கேட்கவும் மனம் வரவில்லை, ஏனென்றால் அவர் அதை ஏற்றிருக்கமாட்டார்.

“பக்கத்துத் தொகுதிக்கு ஒரு பொம்பிளை எம்.பி. இருக்கிறா. எதிர்க்கட்சி. அவவின்ர கந்தோர் எத்தினை மணிக்குத் திறக்கும், உந்த போனில பார்.”

பார்த்தேன். “பத்துக்கு.”

“அப்ப வெளிக்கிடு. புத்தகத்தில ரெண்டு எடு. போற வழியில லீயாவின்ர கதவையும் தட்டு, வாறாவோ எண்டு கேப்பம்.”

அவள் ஏற்கனவே சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகும் நேரம். விசயத்தைச் சொன்னதும் வேலையிடத்துக்கு அழைத்து, இன்றைக்குப் பிந்தும் என்றாள். மூன்று பேரும் போனோம்.